செருப்பு நூலால் தைத்த புத்தகம்

புதிய பஸ் நிலையத்தில் கண்ணாடி அலுமாரி வைத்து வாசிப்பு மாதம் கொண்டாடப் போகும் அதிகாரி அவர்களே, பழைய நிலையத்தில் இருந்த ஒரு பெட்டி புத்தகத்தைக் கச்சான் கடலை சுற்றக் கொடுத்தவர் நீங்கள்தான்.

எனக்குச் சுற்றி வளைத்துச் சொல்ல வராது. அதனால் முதல் வரியிலேயே சொல்லிவிட்டேன். இனி எழுதுவதெல்லாம் அதற்கான விளக்கம்.

போன கிழமை இரண்டு இளம் நேரக்கணிப்பாளர்கள் கோப்பாயில் என் வீட்டுக்கு வந்தார்கள். விழாவுக்கு ஒரு மலர் அடிக்கிறார்களாம்.

"ஐயா, நீங்கள் பழைய ஆள். ஒரு அனுபவக் கட்டுரை தாங்கோ. மேடையிலை பொன்னாடையும் போடுவம்."

"என்னத்தைப் பற்றி எழுத?"

"வாசிப்பைப் பற்றித்தான் ஐயா. நீங்கள் பஸ் ஸ்ராண்டுக்குள்ளை இருந்து எந்த நேரமும் கதைப்புத்தகம் வாசிப்பியளாம். நகரத்து இரைச்சலுக்குள்ளை புத்தகம் ஒரு புகலிடம், அப்பிடி ஏதும்... நல்லதாய் எழுதுங்கோ."

நல்லதாய் எழுதச் சொன்னார்கள். எனக்கு நடந்ததைத்தான் எழுதத் தெரியும். மலரில் இதைப் போடமாட்டார்கள் என்பதும் தெரியும். அதனால் ஒரு பிரதி பேப்பருக்கும் போகிறது.

என் பயிற்சியைப் பற்றி எழுத அதிகம் இல்லை. ஏழு வருடம் கொண்டக்டராக நின்றேன். முழங்கால் போனது. ரைம்கீப்பர், அதாவது நேரக்கணிப்பாளர் ஆக்கினார்கள். அதற்குப் பயிற்சி ஒன்றரை நாள். அதில் அரை நாள் விசில் ஊதப் பழகியது.

நாங்கள் இருந்த இடத்துக்குக் கூடு என்று பெயர். நாலு பக்கமும் பலகை, முன்னால் ஒரு கம்பி யன்னல், உள்ளே ஒரு மேசை, ஒரு கதிரை, ஒரு மணிக்கூடு. இரண்டாவது ஆள் உள்ளே வரவேண்டும் என்றால் முதலாவது ஆள் வெளியே போகவேண்டும். பஸ் வந்து நிற்கும். கொண்டக்டர் தன் ஓட்டத் தாளைக் கம்பிக்குள்ளால் நீட்டுவார். வந்த நேரத்தை எழுதி, போகவேண்டிய நேரத்தை எழுதி, கையெழுத்து வைத்துக் கொடுப்பேன். நேரம் வந்ததும் விசில் ஊதுவேன். பஸ் போகும்.

கேட்க லேசாக இருக்கும். ஆனால் நான் விசில் ஊதினால் எங்கள் பஸ் போகாது. முன்னால் ஒரு தனியார் மினிபஸ் குறுக்கே நிற்கும். அதன் நேரம் முடிந்து மூன்று நிமிடம் ஆகியிருக்கும். இன்னும் நாலு பேரை ஏற்றாமல் அது அசையாது. அதன் கொண்டக்டர் என் யன்னலுக்குள் தலையை விட்டு "பருத்துறை, பருத்துறை, பருத்துறை" என்று கத்துவான். கூட்டுக்குள் இருக்கிற நானும் பருத்தித்துறைக்குப் போகிற ஆள் என்று நினைத்தானோ தெரியாது. எங்கள் றைவர் ஹோர்னில் வைத்த கையை எடுக்கமாட்டார். லொத்தர்ச் சீட்டுக்காரரின் ஒலிபெருக்கி, இன்றுதான் உங்கள் அதிர்ஷ்ட நாள் என்று வருடக்கணக்காக ஒவ்வொரு நாளும் சொல்லிக்கொண்டிருந்தது. அதற்குப் பக்கத்துப் பாட்டுக்கடைக்காரர், லொத்தர் கேட்கக்கூடாது என்று பாட்டைக் கூட்டுவார். பாட்டுக் கேட்கக்கூடாது என்று லொத்தர்காரர் கூட்டுவார். இதற்குள் இரண்டு கொண்டக்டர்மாரும் என்னிடம் நியாயம் கேட்டு வருவார்கள்.

"அண்ணை, உவன் என்ரை ரைமிலை ஆள் ஏத்திறான், நீங்கள் பாத்துக்கொண்டிருக்கிறியள்!"

"ஆற்றை ரைம்? உன்ரை மணிக்கூட்டைக் கழட்டி எறிஞ்சுபோட்டு வந்து கதை!"

"அண்ணை, விசிலை ஊதுங்கோ!"

"ஊதினால்? காது கேக்கிற ஆளே உவன்?"

காலை ஆறு மணி முதல் இதுதான். புத்தகம் அறிவை வளர்க்கும், மனிதனைப் பண்படுத்தும் என்று மேடைகளில் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். நான் அறிவுக்காக வாசிக்கவில்லை. ஆரையும் அடித்துப்போடாமல் இருப்பதற்காக வாசித்தேன். ஒரு பஸ் போய் அடுத்த பஸ் வரும்வரை எட்டுப் பத்து நிமிடம் கிடைக்கும். மேசைக்குக் கீழே மடியில் புத்தகத்தை விரிப்பேன். இரண்டாவது பந்தியில் நான் ஒரு கப்பலில் நிற்பேன், அல்லது பனி கொட்டுகிற ஊரில் ஒரு கொலைகாரனுக்குப் பின்னால் நடந்துகொண்டிருப்பேன். மினிபஸ்காரனின் தலை யன்னலுக்குள் வரும். நான் அங்கே இருக்கமாட்டேன். நீங்கள் கேட்ட புகலிடம் அவ்வளவுதான். எட்டு நிமிடம்.

அந்தப் புத்தகங்கள் எங்கிருந்து வந்தன என்பதைச் சொல்லவேண்டும். பஸ்ஸில் சனம் எதையும் விட்டுவிட்டுப் போகும். குடை, சாப்பாட்டுப் பெட்டி, ஒற்றைச் செருப்பு, ஒருமுறை லேஞ்சித் துணியில் சுற்றிய பொய்ப்பல்லு. கொண்டக்டர் கொண்டுவந்து கூட்டில் தருவார். அதைக் கண்டெடுத்த பொருட் பதிவேட்டில் பதியவேண்டும். மூன்று மாதம் ஆரும் கேட்டு வராவிட்டால் டிப்போ களஞ்சியத்துக்கு அனுப்பவேண்டும். அதுதான் சட்டம்.

முதலில் வந்த புத்தகத்தை நான் சட்டப்படி பதிந்து சட்டப்படி அனுப்பினேன். சில மாதம் கழித்து டிப்போவுக்குப் போனபோது, பஸ்ஸை உயர்த்துகிற ஜக்குக்குக் கீழே அதை அடை வைத்திருந்தார்கள்.

"நல்ல மொத்தமான புத்தகம் அண்ணை. அளவாய்க் கிடக்கு," என்று மெக்கானிக் பாராட்டினான்.

அன்றிலிருந்து நான் புத்தகம் பதிவதில்லை. குடையைப் பதிவேன், பல்லைப் பதிவேன், புத்தகத்தை மட்டும் ஒரு பழைய தேயிலைப் பெட்டிக்குள் போட்டுக் கதிரைக்குப் பின்னால் வைப்பேன். நான் செய்த பெரிய கெட்டித்தனம் என்று அதை நினைத்திருந்தேன்.

உங்களுக்கு முந்தி எங்களுக்கு மேலே இருந்தவர் சதாசிவம் சேர். அவர் ஆளின் முகத்தைப் பார்க்கமாட்டார். தன் கைமணிக்கூட்டைப் பார்ப்பார், பிறகு கூட்டு மணிக்கூட்டைப் பார்ப்பார், பிறகு எங்கள் சட்டைப் பொத்தானைப் பார்த்துக் கதைப்பார். கதை என்றால் "சொல்லும்", "எழுதும்", "போம்". இந்த மூன்று சொல்லிலேயே பஸ் நிலையம் முழுவதையும் ஓட்டினார். காதில் ஒரு சிவப்புப் பென்சில். அந்தப் பென்சில் கையில் வந்தால் ஆருக்கோ சம்பளம் வெட்டு.

ஒருநாள் அவர் சொல்லாமல் வந்தார். நான் பனி கொட்டுகிற ஊரில் இருந்தேன். அச்சுவேலி பஸ் நாலு நிமிடம் பிந்திவிட்டது. கை ஒன்று வந்து என் மடியில் இருந்த புத்தகத்தை எடுத்தது. திட்டப்போகிறார் என்று எழும்பினேன். அவர் திட்டவில்லை, நின்றபடி வாசித்தார். ஒரு பக்கம். பிறகு தாளைத் திருப்பி மற்றப் பக்கம். வெளியே மூன்று பஸ் ஹோர்ன் அடிக்கிறது.

"எங்காலை இது?"

"பஸ்ஸிலை விட்டது சேர்."

"பதிஞ்சதே?"

"இல்லை சேர்."

"எத்தினை கிடக்கு?"

கதிரையை இழுத்துப் பெட்டியைக் காட்டினேன். அவர் அதை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பவும் என் பொத்தானுக்கு வந்தார்.

"பதிவேட்டிலை இல்லாத சாமானை நான் காணேல்லை. நாலு நிமிசம் பிந்தினதுக்கு விளக்கம் எழுதும்."

சொல்லிவிட்டுப் புத்தகத்தையும் கொண்டு போய்விட்டார். மூன்றாம் நாள் திருப்பித் தந்தார். பக்க அடையாளத்துக்கு உள்ளே ஒரு பஸ் ரிக்கற். "முடிவு சரியில்லை," என்றார். அவர் என்னோடு கதைத்ததில் மேலதிகாரி மாதிரி இல்லாத ஒரே வசனம் அதுதான். பதிவேட்டைப் பற்றி அவர் சொன்னதை நான் வேதம் மாதிரி நம்பினேன். எவ்வளவு பெரிய மடையன் என்பது பிறகு தெரிந்தது.

புத்தகத்தைச் சனத்துக்குக் கொடுக்கத் தொடங்கியதும் நல்ல எண்ணத்தால் அல்ல. ஒரு பயணி நிமிடத்துக்கு ஒருதரம் வந்து "பஸ் எப்ப வரும்?" என்று கேட்டால் விசர் வரும். அப்படிக் கேட்ட ஒருவரின் கையில் ஒரு புத்தகத்தைக் கொடுத்து அந்த வாங்கில் போய் இருங்கோ என்றேன். அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை. பஸ் வந்ததும் தெரியாமல் இருந்தார். பாதிக் கதையில் விட மனமில்லாமல் புத்தகத்தோடு ஏறிவிட்டார். இறங்கும்போது கொண்டக்டரிடம் கொடுத்தார். கொண்டக்டர் அதைச் சாமிப் படத்துக்கு முன்னால் வைத்து, பின்னேரம் என்னிடம் சேர்த்தார்.

இப்படியே அது ஒரு பழக்கமாகிவிட்டது. ஏறும்போது எடு, இறங்கும்போது கொண்டக்டரிடம் கொடு. எழுத்து இல்லை, கையெழுத்து இல்லை. தொலைந்தது மிகக் குறைவு. ஒரு நிமிடத்துக்காகச் சட்டையைப் பிடிக்கிற அரச பஸ்ஸும் மினிபஸ்ஸும் புத்தகம் கொண்டுவந்து தருவதில் சண்டை பிடிக்கவில்லை. மினிபஸ் கொண்டக்டர் ஒரு படி மேலே போய், "ஏறுங்கோ, ஏறுங்கோ! இருக்க இடமில்லை, ஆனால் புத்தகம் இருக்கு!" என்று கத்தத் தொடங்கினான்.

அந்தப் பெட்டிக்குள் ஒரு புத்தகம் இருந்தது. அட்டை இல்லை, பெயர் இல்லை, எழுதியவர் ஆர் என்று தெரியாது. ஒரு பெண் பல ஊர் தாண்டி, தனக்கு வந்த ஒரு கடிதத்தில் இருக்கிற விலாசத்தைத் தேடிப் போகிறாள். இருநூறு பக்கம் அலைகிறாள். கடைசியில் வீட்டைக் கண்டுபிடித்துக் கதவைத் தட்டுகிறாள். உள்ளே ஆரோ எழும்பி வருகிற சத்தம். அதோடு தாள் கிழிந்துவிட்டது.

புத்தகத்தைத் திருப்பித் தருகிற எல்லோரும் கேட்டார்கள், கதவைத் திறந்தது ஆர்? கிழிந்துபோச்சு என்று சொன்னால் என்னோடு சண்டைக்கு வருவார்கள். அதனால் வாயில் வந்ததைச் சொன்னேன். ஒருவருக்கு அண்ணன் என்றேன், இன்னொருவருக்குச் சிநேகிதி என்றேன். ஆளைப் பார்த்து ஆளுக்கேற்ற முடிவு.

பிடிபட்டது பாக்கியக்காவால். பாக்கியக்கா பஸ் நிலையத்துக்குள் கச்சான் விற்கிறவ. எழுத வாசிக்கத் தெரியாது. பின்னேரம் நெல்லியடிக்குப் போகிற பஸ்ஸில் நளாயினி என்றொரு பிள்ளை அவவுக்குப் பக்கத்தில் நின்று கதையை வாசித்துக் காட்டும். நளாயினிக்கு நகரத்தில் ஒரு உடுப்புக்கடையில் சேலை எடுத்துக் காட்டுகிற வேலை. ஒருநாள் விடிய பாக்கியக்கா, தபால் கந்தோரில் வேலை செய்கிற ஒரு ஐயாவின் கையைப் பிடிக்காத குறையாகக் கூட்டுக்கு இழுத்துக்கொண்டு வந்தா. பின்னால் நளாயினி.

"தம்பி, இந்த மனுசன் சொல்லுது கதவைத் திறந்தது புருசனாம். நீ எனக்குத் தாய் எண்டெல்லோ சொன்னனி?"

"நான் அரச உத்தியோகத்தன்," என்றார் ஐயா. "எனக்குப் பொய் சொல்ல உமக்கு என்ன துணிவு?"

"அப்ப எனக்குச் சொல்லலாமோ? உத்தியோகத்தனுக்கு ஒரு கதை, கச்சான்காரிக்கு ஒரு கதையோ?"

"எணை, நான் அப்பிடிச் சொல்லேல்லை—"

"நீர் ஒண்டும் சொல்லாதையும். ரைம்கீப்பர் சொல்லட்டும். புருசனோ தாயோ?"

நான் மணிக்கூட்டைப் பார்த்தேன். ஒரு பஸ்ஸும் வரவில்லை. எந்த நேரமும் ஹோர்ன் அடித்துக்கொண்டு வருகிற பஸ்களுக்கு என்னைக் காப்பாற்ற வேண்டிய நேரத்தில் மட்டும் வரத் தெரியாது. நளாயினிதான் சிரித்துக்கொண்டு சொன்னா:

"அண்ணை, கடைசிப் பக்கம் உங்களிட்டை இல்லை. ஓமோ இல்லையோ?"

"ஓம்."

"சரி விடுங்கோ. நான் எழுதித் தாறன்."

நாலு நாளில் தந்தா. கொப்பித் தாளில் ஒன்றரைப் பக்கம். நகரத்தில் ஏறும்போது பஸ்ஸில் நிற்கத்தான் இடம் இருக்கும். கோப்பாயில் சனம் இறங்கினால் ஒரு இருக்கை கிடைக்கும். அங்கிருந்து நெல்லியடி வரை மடியில் வைத்து எழுதினது. றோட்டு நல்லாயிருந்த இடத்தில் எழுத்து நேராகப் போகும். பள்ளத்தில் துள்ளும். வல்லைவெளியில் காற்றுக்குத் தாளை ஒரு கையால் அமத்திக்கொண்டு எழுதியதால் வரி மேலே ஏறும். எந்த வசனம் எந்த ஊரில் எழுதியது என்று ஒரு கொண்டக்டருக்குப் பார்த்தவுடன் தெரியும். முடிவு இப்படி இருந்தது: கதவு திறந்தது. திறந்த மனுசி ஆர் என்று சொல்லவில்லை. "கனநேரம் நிண்டிட்டீர், முதலிலை இரும்" என்று ஒரு கதிரையை இழுத்துப் போட்டா. அவள் அந்தக் கதிரையில் இருந்தாள்.

"உது ஒரு முடிவோ?" என்றார் தபால் கந்தோர் ஐயா. "ஆர் எண்டு சொல்லவேணுமெல்லோ?"

நானும் சிரித்தேன். பாக்கியக்கா மட்டும் "அது காணும்" என்றா. பிறகு எனக்குத் தனியாகச் சொன்னா: அந்தக் கடையில் வேலை செய்கிற பிள்ளைகள் காலை ஒன்பதிலிருந்து பின்னேரம் ஆறு வரை கதிரையில் இருக்கக்கூடாது. சனம் இல்லாவிட்டாலும் நிற்கவேண்டும். கதிரை சேலை வாங்க வருகிறவர்களுக்கு. ஒரு பிள்ளை ஒருநாள் சேலைக் கட்டுக்கு மேல் குந்தியதைக் கமராவில் பார்த்து முதலாளி வீட்டுக்கு அனுப்பிவிட்டாராம். அதைக் கேட்டபிறகு நான் அந்த முடிவைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

தபால் கந்தோர் ஐயா சும்மா இருப்பாரா? அவரும் ஒரு முடிவு எழுதித் தந்தார், புருசன், கண்ணீர், மன்னிப்பு, ஐந்து பக்கம். மினிபஸ் கொண்டக்டர் எழுதியதில் அந்தப் பெண் கதவைத் தட்டவேயில்லை, கடைசி மினிபஸ் போகப்போகுது என்று ஓடிவந்து ஏறிவிட்டாள். பாக்கியக்கா சொல்லச் சொல்ல நான் எழுதினேன். அவவின் முடிவில் கதவைத் திறந்தவனுக்கு அந்தப் பெண் முதலில் ஒரு அறை கொடுத்தாள், இவ்வளவு காலமும் எங்கையடா போனனி என்று. சதாசிவம் சேர் பெட்டியைக் காணாதவர் அல்லவா, ஆனாலும் ஒருநாள் ஒரு துண்டுத் தாள் உள்ளே கிடந்தது. சிவப்புப் பென்சில். "உள்ளே ஆளில்லை."

ஆனால் சனம் திரும்பத் திரும்பக் கேட்டது நளாயினியின் முடிவுக்குப் பிறகு என்ன நடந்தது என்றுதான். அவ எழுதினா. மூன்று வருடம், வேலை முடிந்து போகிற பஸ்ஸில். அந்தப் பெண் அந்த ஊரிலேயே தங்கி ஒரு கடை திறக்கிறாள். அங்கே வேலை செய்கிறவர்கள் கதிரையில் இருப்பார்கள், வாங்க வருகிற பெரிய மனிதர்கள் வரிசையில் நிற்பார்கள். ஆர் ஆர் நின்றார்கள், என்ன சாட்டுச் சொன்னார்கள், கால் நோகுது என்று எப்படி அழுதார்கள் என்று பக்கம் பக்கமாக எழுதினா. பஸ்ஸுக்குள் அதை வாசித்துச் சிரித்து ஆக்கள் இறங்கவேண்டிய இடத்தை விட்டிருக்கிறார்கள். நாள் முழுக்க "அக்கா, அந்தச் சேலையை எடுங்கோ, இல்லை, மற்றது" என்று சனம் சொல்வதைக் கேட்டுக்கொண்டு நின்ற பிள்ளைக்கு, கோப்பாயிலிருந்து நெல்லியடி வரை ஒரு ஊரே சொந்தமாக இருந்தது.

தாள்கள் கூடக் கூடப் புத்தகம் பிரிந்தது. நிலைய வாசலில் செருப்புத் தைக்கிற அண்ணையிடம் கொடுத்தேன். அவர் ஊசியால் துளைத்து, மெழுகு பூசிய நூலால் இறுக்கித் தைத்துத் தந்தார். "இனி யானை இழுத்தாலும் வராது," என்றார்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில நாள் முன் நளாயினி கேட்டா:

"அண்ணை, நான் எழுதினதை மட்டும் வீட்டை கொண்டு போகட்டே?"

"அது பொதுச் சொத்து பிள்ளை. தையலையும் பிரிக்க ஏலாது. இஞ்சை இருந்தால்தான் பத்திரம்."

இதைச் சொன்னவன் நான். அதிகாரி அவர்களே, உங்கள் பங்குக்கு வரமுன்னம் என் பங்கை எழுதிவிடுகிறேன். அந்தப் பிள்ளை கேட்டது தன் சொந்தக் கையெழுத்தை. நான் கொடுக்கவில்லை.

கடைசி நாள் பட்டியல்படி கையளித்தேன். மணிக்கூடு ஒன்று, விசில் ஒன்று, கதிரை ஒன்று, பதிவேடு இரண்டு, குடைகள் எத்தனையோ. தேயிலைப் பெட்டி பட்டியலில் இல்லை. பதியாத சாமானைக் கையளிக்க முடியாது. அடுத்து வந்த ரைம்கீப்பரிடம் வாயால் சொன்னேன், கவனமாய்ப் பாரும் என்று. அவர் பார்த்தார். ஆறு மாதத்தில் அவருக்கு மாற்றம் வந்தது. பிறகு புதிய நிலையம் கட்டக் கூடு இடிக்கப்பட்டது.

இந்த வருடம் நளாயினி என் வீடு தேடி வந்தா. இரண்டு காலிலும் நரம்பு முறுக்கி நீலமாய் வீங்கிக் கிடக்கிறது. நிற்கக்கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். நிற்க முடியாவிட்டால் வரத் தேவையில்லை என்று கடை சொல்லிவிட்டது.

"அண்ணை, இப்ப நேரம் கிடக்கு. அந்தக் கதையை எழுதி முடிப்பம் எண்டு பாக்கிறன். புதுக் கொப்பியும் வேண்டி வைச்சிட்டன். ஆனால் எங்கை விட்டனான் எண்டு நினைவில்லை. கடைசியாய் எழுதினதைப் பாத்தால்தான் தொடரலாம்."

"ஒரு கிழமையிலை கொண்டந்து தாறன் பிள்ளை."

அடுத்த நாள் உங்கள் கந்தோருக்கு வந்தேன். நினைவிருக்கும். குளிரூட்டி, கண்ணாடி மேசை, ஒரு கையில் போன்.

"என்ன பெட்டி ஐயா?"

"தேயிலைப் பெட்டி. கூட்டுக்குள்ளை இருந்தது. புத்தகம்."

"பதிவு இருக்கோ?"

"இல்லை."

"கையளிச்ச பட்டியலிலை?"

"இல்லை."

"அப்ப இருந்தது எண்டு என்னெண்டு சொல்லுறியள்?" சிரித்தீர்கள். "எழுதித் தாங்கோ. பதில் அனுப்புறன்."

பதில் வந்தது. "தங்களால் குறிப்பிடப்படும் புத்தகப் பெட்டி எதுவும் கண்டெடுத்த பொருட் பதிவேட்டிலோ கையளிப்புப் பட்டியலிலோ காணப்படவில்லை என்பதை அறியத்தருகிறேன்." ஒரு பிழையும் இல்லாத கடிதம். ஜக்கிலிருந்து காப்பாற்ற எழுதாமல் விட்டேன். எழுதாமல் விட்டதால் அது உலகத்திலேயே இல்லாமல் போனது. இளம் நேரக்கணிப்பாளர்களே, நீங்கள் கேட்ட அனுபவம் இதுதான். பதியுங்கள். பதிந்தால் அதிகாரி அழிக்கலாம், ஆனால் இல்லை என்று சொல்ல முடியாது.

பிறகு நான் பாக்கியக்காவைத் தேடினேன். புதிய நிலையத்துக்குள் கச்சான் விற்கக்கூடாதாம், அழகு கெடுமாம். இணுவிலில் ஒரு ரியூசன் வகுப்பு வாசலில் கண்டுபிடித்தேன். பெட்டி என்றதும் அவவின் முகம் மாறியது.

"எனக்குத்தான் தம்பி தந்தவை. கூடு இடிக்கேக்கை இப்ப இருக்கிற பெரிய சேர் நிண்டவர். 'பழைய பேப்பர், அந்த மனுசிக்குக் குடு, கச்சான் சரை சுத்தட்டும்' எண்டார். நான் வாசிக்கத் தெரியாதவள், சாக்கிலை கொட்டித் தந்ததிலை உன்ரை பெட்டி எண்டும் தெரியேல்லை. ரண்டு மாதம் சுத்தினன். என்னை ஏசு, ஏசு."

"அந்தத் தைச்ச புத்தகம் எணை?"

"அதைக் கிழிக்கப் போனன், வரேல்லை. பாத்தால் செருப்பு நூல். ஐயோ, இது எங்கடை புத்தகமெல்லோ எண்டு அண்டைக்கே கந்தோருக்குக் கொண்டு ஓடினன். நீயும் இல்லை. அந்தச் சேர் காருக்குள்ளை இருந்தவர். 'இது பழைய ரைம்கீப்பரின்ரை, அவரிட்டைச் சேருங்கோ' எண்டு கையிலை குடுத்தனான்."

"வாங்கினவரோ?"

"வாங்கினார். பிரட்டிப் பிரட்டிப் பாத்தார். சிரிச்சவர் தம்பி, ரண்டு மூண்டு தரம். கார் வெளிக்கிடேக்கையும் பாத்துக்கொண்டுதான் போனவர்."

எழுத்துத் தெரியாத மனுசி, நூலைத் தடவிப் பார்த்து அது புத்தகம் என்று கண்டா. நீங்கள் பட்டம் பெற்றவர். பதிவேட்டைப் பார்த்து அது இல்லை என்று எனக்குக் கடிதம் எழுதினீர்கள். கடிதம் எழுதும்போது புத்தகம் எங்கே இருந்தது? உங்கள் காரிலா, வீட்டிலா?

நேற்று உங்கள் கண்ணாடி அலுமாரியைப் போய்ப் பார்த்தேன். "வாசிப்பு மூலை" என்று பெரிய எழுத்து. உள்ளே பிளாஸ்ரிக் உறை கழற்றாத புத்தகங்கள் நிறத்துக்கு நிறம் அடுக்கியிருக்கிறது. பூட்டுப் போட்டிருக்கிறது. திறப்பு எங்கே என்று காவலாளியைக் கேட்டேன். உங்கள் கந்தோரிலாம். பஸ்ஸுக்கு நின்ற ஒரு பெண் அந்தக் கண்ணாடியில் முகம் பார்த்துத் தலை வாரினா. ஆருக்கோ ஒரு பிரயோசனம்.

விழாவுக்கு நான் வருவேன். பொன்னாடை வேண்டாம். விளக்கேற்றி, வரவேற்புரை முடிந்து, வாசிப்பைப் பற்றி நீங்கள் பேச எழும்பும்போது, முதலில் அந்த மைக்கில், எல்லோருக்கும் முன்னால், இதற்குப் பதில் சொல்லுங்கள். கடிதம் அனுப்பவேண்டாம், உங்கள் கடிதம் எனக்குப் பழக்கம். பாக்கியக்கா கையில் தந்த புத்தகத்தை நீங்கள் வாங்கினீர்களா, இல்லையா? இருந்தால் அன்றைக்கே கொண்டு வாருங்கள். எறிந்துவிட்டீர்கள் என்றால் எறிந்தேன் என்று சொல்லுங்கள். அதற்கும் மேலே ஒன்று கேட்கிறேன். சிரித்துச் சிரித்து வாசித்தீர்களாம். அப்படியென்றால் கடைசிப் பக்கத்தில் என்ன எழுதியிருந்தது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். வரிசையில் நின்றது ஆர், என்ன கேட்டான், அந்தப் பெண் அவனுக்கு என்ன சொன்னாள்? அதை மைக்கில் உரத்துச் சொல்லுங்கள். நளாயினி கொப்பியோடு கீழே இருப்பா.